மரம் அறுக்கும் இடத்தில் முதல் ஐந்து நிமிடம்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்னதாகக் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மரம் அறுக்கப் புதிதாகச் செயின் சா மெஷின் வாங்கியிருக்கிறேன். தோட்டத்தில் முப்பது சில்வர் ஓக் நிழல் மரம் இறக்க வேண்டும். கூட இரண்டு ஆள் வருவார்கள். ஏதாவது ஆகிவிட்டால் ஆஸ்பத்திரி தூரம். கையில் இருப்பதை வைத்து நான் என்ன முதலுதவி செய்வது? விபத்து வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?"

தம்பி, முதலில் ஒரு விஷயம். 'நான் என்ன செய்வது' என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் மெஷினைப் பிடிப்பது நீங்கள். காயம் பட்டால் பெரும்பாலும் உங்களுக்குத்தான் படும். அந்த நேரத்தில் உங்களுக்குக் கை நடுங்கும், கண் இருட்டும். முதலுதவி செய்ய வேண்டியவர் பத்து அடி தள்ளி நின்று கிளை இழுத்துப் போடுகிற ஆள். அதனால் இதைப் படித்து நீங்கள் தெரிந்துகொண்டால் போதாது. அந்த இரண்டு பேரையும் உட்கார வைத்து, செய்து காட்டி, அவர்களையும் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு மெஷினை ஸ்டார்ட் செய்யுங்கள்.

நான் இதே சேர்வராயன் மலையில் எஸ்டேட் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவராக இருந்தவன். பல வருடம் முன்பு ஒரு மழைக்கால மத்தியானம், அறுத்துப் போட்ட மரத்தில் கிளை கழித்துக்கொண்டிருந்தவருக்கு மெஷின் துள்ளி, இடது முழங்காலுக்கு மேலே தொடையில் இறங்கிவிட்டது. அவர் மடித்துக் கட்டிய லுங்கியோடு இருந்தார். ரத்தம் காலோடு வழிந்து ரப்பர் பூட்ஸுக்குள் நிறைந்து, அவர் உட்கார்ந்ததும் பூட்ஸ் வாயிலிருந்து வெளியே கொட்டியது. ஒருவர் ஜீப்புக்கு ஓடினார். இன்னொருவர் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு ஓடிக் காப்பித்தூள் டப்பாவோடு வந்தார். நான் துண்டை எடுத்துத் தொடையைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். ரத்தம் நிற்கவே இல்லை. அப்புறம் வயதான மேஸ்திரி ஒருவர் வந்து, என் முடிச்சின் மேல் மெஷினோடு வந்த ஸ்பேனரை வைத்து இன்னொரு முடிச்சுப் போட்டு, ஸ்பேனரைத் திருகினார். மூன்றாவது சுற்றில் ரத்தம் நின்றது. காயம் பட்டவர் "அவுத்து விடுங்க" என்று கத்தினார். மேஸ்திரி விடவில்லை. அந்த மனிதர் இன்றைக்கும் அதே காலில் நடக்கிறார்.

என் முடிச்சு ஏன் தோற்றது? தோலுக்குப் பக்கத்தில் ஓடும் சிரைகளை அடைக்கக் கொஞ்சம் அழுத்தம் போதும். ஆழத்தில் ஓடும் தமனியை அடைக்க நிறைய அழுத்தம் வேண்டும். கையால் இழுத்துக் கட்டும் முடிச்சுக்கு அந்தப் பலம் வராது. அரைகுறையாகக் கட்டினால் உள்ளே போகும் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வரும் வழி மட்டும் அடைபடும். காயத்தில் கசிவு கூடத்தான் செய்யும். திருகுவதற்கு ஒரு கட்டை வேண்டும் என்பதன் காரணம் இதுதான்.

இனி வரிசையாகச் சொல்கிறேன். காயம் பட்டவுடன் முதலில் மெஷினை ஆஃப் செய்ய வேண்டும். ஓடுகிற மெஷின் பக்கத்தில் கிடக்கும்போது உதவிக்கு வந்தவர் அடிபட்ட கதையும் உண்டு. தலைக்கு மேலே பாதி முறிந்த கிளை தொங்குகிறதா என்று ஒரு பார்வை பார்க்க வேண்டும். பிறகு அவரைப் படுக்க வைத்து, துணியைக் கிழித்துக் காயத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். பேண்ட்டுக்கு மேலே கட்டினால் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. ரத்தம் பீய்ச்சினாலோ, தரையில் குளம் கட்டினாலோ, துணியை நனைத்துக்கொண்டே இருந்தாலோ, ஆள் குழறிப் பேச ஆரம்பித்தாலோ அது உயிர் போகிற ரத்தப்போக்கு. பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆஸ்பத்திரியோ ஆம்புலன்ஸோ அதற்குள் எந்த மலைக்கும் வந்து சேராது.

செயின் சா காயம் அரிவாள் வெட்டு மாதிரி நேர்கோடாக இருக்காது. பற்கள் சதையைப் பிய்த்து எடுத்துவிடும். ஓரம் கந்தலாக, உள்ளே மரத்தூளும் செயின் ஆயிலும் துணி இழையுமாக, வாய் அகலமாகத் திறந்து கிடக்கும். அதைப் பார்த்ததும் கைவைக்கத் தயங்குவார்கள். தயங்கக் கூடாது. சுத்தமான துணி எது கிடைக்கிறதோ அதைக் காயத்துக்குள் திணித்து, இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காமல், உடம்பு எடை முழுவதும் இறங்கும்படி அழுத்த வேண்டும். பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்த வேண்டும். 'நின்றதா' என்று நடுவில் தூக்கித் தூக்கிப் பார்த்தால் உறைய ஆரம்பித்த ரத்தம் பிய்ந்துகொள்ளும். துணி நனைந்து வழிந்தால் அழுத்துகிற இடம் தப்பு என்று அர்த்தம். மேலே மேலே துணி அடுக்காமல், ஒருமுறை எடுத்து, ஊற்று எங்கே என்று பார்த்து, சரியாக அங்கே திணித்து அழுத்துங்கள். சானிட்டரி நாப்கின் வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அது ரத்தத்தை உறிஞ்சும், நிறுத்தாது. எவ்வளவு போயிற்று என்பதையும் மறைத்துவிடும். மேலே வைத்து இறுக்கிக் கட்ட உதவும், அவ்வளவுதான்.

கையிலோ காலிலோ பீய்ச்சினால் அழுத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் இறுக்குக்கட்டுப் போட வேண்டும். ஆன்லைனில் இதற்கென்றே டூர்னிகெட் விற்கிறார்கள். ராணுவத்தில் பயன்படுத்துகிற மாதிரி, பட்டையும் திருகும் கட்டையும் சேர்ந்தது. நல்லதாக ஒன்று வாங்குங்கள். மிக மலிவான போலிகளில் திருகும் கட்டை ஒடிந்துவிடும். கையில் கிடைப்பதை வைத்துச் செய்வது இரண்டாம் வழிதான், அதை முதல் திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, அது இல்லையென்றால்? தோளில் கிடக்கும் பருத்தித் துண்டை நான்கு விரல் அகலப் பட்டையாக மடித்துக்கொள்ளுங்கள். காயத்துக்கு நான்கு விரல் மேலே, உடம்பை நோக்கிய பக்கத்தில், முழங்கால் மூட்டு முழங்கை மூட்டு மேல் வராமல் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு அரை முடிச்சு. காயம் எங்கே என்றே தெரியாவிட்டால் தொடையின் அல்லது கையின் உச்சியிலேயே போடுங்கள். முடிச்சின் மேல் கட்டையை வைத்து முழு முடிச்சு. பிறகு ரத்தம் நிற்கும் வரை திருகுங்கள். கட்டைக்கு மெஷின் ஸ்பேனர் அருமையான பொருள். இரும்பு, ஒடியாது, மெஷின் இருக்கும் இடத்தில் எப்போதும் இருக்கும். அது இல்லையென்றால் கட்டைவிரல் பருமனுக்குக் காய்ந்த காப்பிக் குச்சி. காப்பி மரம் கெட்டி, தாங்கும். பேனா, பென்சில், சில்வர் ஓக் சுள்ளி எல்லாம் படக்கென்று ஒடிந்துவிடும். திருகி முடித்ததும் கட்டை திரும்பாதபடி அதன் நுனியை இன்னொரு துணியால் காலோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கம்பி, நைலான் கயிறு, ஷூ லேஸ் வேண்டவே வேண்டாம். மெல்லியது சதைக்குள் புதைந்து நரம்பை நசுக்கும்.

இப்போது அவர் வலியில் கத்துவார். சரியாகப் போட்ட கட்டு பயங்கரமாக வலிக்கும். அவிழ்க்கக் கூடாது. 'கொஞ்சம் தளர்த்தி விட்டு மறுபடி கட்டு' என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதுவும் கூடாது. ஒவ்வொரு முறை தளர்த்தும்போதும் இருக்கிற ரத்தமும் போகும். கட்டிய நேரத்தை மரத்துக்கு அடையாளம் போடும் மார்க்கரால் அவர் நெற்றியிலேயே எழுதுங்கள். கட்டினால் கால் போய்விடும் என்ற பயம்தான் பலரைத் தயங்க வைக்கிறது. இரண்டு மணி நேரம் வரை பொதுவாகப் பாதகமில்லை. ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இங்கே ஒன்று குழம்பக் கூடாது. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதே என்று நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது சரியான பாடம், மாற்றாதீர்கள். பாம்புக்கடிக்குக் கட்டுவதால் கெடுதல்தான். ரத்தம் பீய்ச்சுகிற காயம் வேறு விஷயம். எங்கள் எஸ்டேட்டில் ஒரு பையன், "சார், கட்டக் கூடாதுன்னு கேம்ப்ல சொன்னாங்களே" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் மேல் தப்பில்லை. இரண்டையும் சேர்த்து வைத்து யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் கட்ட முடியாது. அங்கே துணி திணித்து அழுத்துவது மட்டும்தான் வழி. வண்டியில் சேலம் போய்ச் சேரும் வரை அழுத்திய கையை எடுக்கக் கூடாது. ஆள் மாற்றி ஆள் அழுத்துங்கள்.

அப்புறம் அந்தக் காப்பித்தூள். நம் மலையில் வீட்டுக்கு வீடு இருக்கும் மருந்து அதுதான். மஞ்சள், சுண்ணாம்பு, வெட்டுக்காயப் பூண்டுச் சாறு, சில இடங்களில் பெட்ரோல் கூட. கிளை கழிக்கும் கவாத்துக் கத்தி விரலில் கீறினால் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிவது நம் பாட்டன் காலத்துப் பழக்கம், அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் செயின் சா காயத்தில் தூள் எதையும் கொட்டாதீர்கள். பீய்ச்சும் ரத்தம் தூளை அடித்துக்கொண்டு போய்விடும். ஏற்கெனவே மரத்தூள் நிறைந்த காயத்தில் டாக்டர் ஒவ்வொரு துகளாக எடுத்துக் கழுவ வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், டப்பா எடுக்க ஓடிய ஆள் அழுத்தியிருக்க வேண்டிய ஆள்.

குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். ரத்தம் போனால் தாகம் எடுக்கும், தண்ணீர் தண்ணீர் என்று கேட்பார், மனசு கேட்காது. ஆனால் கீழே போனதும் மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும். உதட்டை ஈரத்துணியால் நனைத்து விடுங்கள். ஏற்காட்டுக் குளிரில் ஈரத் தரையில் படுக்க வைத்தால் உடம்பு சில்லிடும். சில்லிட்ட உடம்பில் ரத்தம் உறைவதும் குறையும். அடியில் இரண்டு காப்பிச் சாக்கு, மேலே கம்பளி.

விரல் துண்டாகிவிட்டால் தேடி எடுங்கள். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயைக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணீருக்குள் வையுங்கள். ஐஸ் நேராக விரலைத் தொடக் கூடாது, உறைந்து கெட்டுவிடும். ஐஸ் ஏற்காடு ஜூஸ் கடையில் வாங்கிக்கொள்ளலாம். முதலில் ஆளைப் பாருங்கள், பிறகு விரலை. கண்ணில் மரத்தூள் விழுந்தால் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். குத்திக்கொண்டு நிற்கும் சிலாம்பை மட்டும் பிடுங்காதீர்கள்.

இனிக் கொண்டுபோவது. காலையில் வேலை ஆரம்பிக்கும்போதே செல்போன் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது என்று நின்று பாருங்கள். 108-க்குப் பேசும்போது எஸ்டேட் பெயர் மட்டும் சொன்னால் டிரைவருக்குத் தெரியாது. எந்த ரோடு, எந்தக் கோயில் பக்கம், எந்த கேட் என்று சொல்ல வேண்டும். ஒரு ஆள் மெயின் ரோட்டில் போய் நிற்க வேண்டும். வண்டி வரும்வரை காத்திருக்காமல் உங்கள் ஜீப்பில் ஏற்காடு அரசு மருத்துவமனையை நோக்கிக் கிளம்பி, வழியில் மாற்றிக்கொள்வது பல நேரம் வேகம். எங்கே சந்திப்பது என்று போனிலேயே பேசிக்கொள்ளுங்கள். கீழே இறங்க வேண்டியிருந்தால் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. பின்சீட்டில் அழுத்திக்கொண்டிருப்பவர் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் சரிவார், கை நழுவும். அவரைப் பிடித்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டும். டிரைவர் பதற்றத்தில் ஓட்டக் கூடாது. ஜீப் வராத சரிவில் விழுந்திருந்தால், இரண்டு காப்பிச் சாக்கின் அடிமுனைகளை அறுத்து, இரண்டு மூங்கிலை உள்ளே விட்டால் ஸ்ட்ரெச்சர் ஆகிவிடும். நோயாளியை ஏற்றும் முன் நல்ல ஆள் ஒருவரைப் படுக்க வைத்துத் தூக்கிப் பாருங்கள், நைந்த சாக்கு பாதி வழியில் கிழியும். மரத்திலிருந்து விழுந்தவரையோ, முதுகில் மரம் விழுந்தவரையோ மட்டும் கைகால் பிடித்துத் தூக்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து உடம்பு வளையாமல் பலகைக்கு மாற்ற வேண்டும்.

விபத்து வராமல் இருக்க என்ன என்று கேட்டீர்கள். முதலில் மெஷின் ஏன் உதைக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டைத்தான் பார் என்கிறோம். பாரின் நுனியில் மேல் கால் பாகம் இருக்கிறதே, அங்கே செயின் கீழ்நோக்கி ஓடும். அந்த இடம் ஒரு கட்டையிலோ பக்கத்துக் கிளையிலோ பட்டால் பல் கடித்து நிற்கும், செயினின் வேகம் முழுவதும் பாரை மேலே உங்கள் முகத்துக்கும் கழுத்துக்கும் எறியும். நீங்கள் சுதாரிப்பதற்கு முன்பே முடிந்துவிடும். அதனால்தான் இடது கையால் பிடிக்கும்போது கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி இருக்க வேண்டும், முழங்கை நீட்டி நேராக இருக்க வேண்டும், தலை பாருக்கு நேர் பின்னால் வராமல் கொஞ்சம் இடப்பக்கம் இருக்க வேண்டும். உதைத்தால் கை, முன் கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்பில் பட்டு, செயினை நிறுத்தும் செயின் பிரேக் விழும். அந்த பிரேக் விழுகிறதா என்று தினமும் காலையில் பாருங்கள். தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீர்கள். இரண்டு அடிக்கு மேல் நடப்பதானால் பிரேக் போட்டு நடங்கள். ஸ்டார்ட் செய்யும்போது தரையில் வைத்து, பின் கைப்பிடிக்குள் பூட்ஸ் முனையை அழுத்தி, பிரேக் போட்டு இழுங்கள். காற்றில் தூக்கிப் பிடித்து இழுப்பது பார்க்கக் கெத்தாக இருக்கும், அதில் தொடையை அறுத்துக்கொண்டவர்கள் உண்டு.

செயின் மழுங்கினால் சீவலுக்குப் பதில் மாவு மாதிரி தூள் வரும். அப்போது அழுத்தி அறுக்கத் தோன்றும். அழுத்தும்போதுதான் மெஷின் வழுக்கும். மாவு வந்தால் நிறுத்தி அரம் போடுங்கள்.

லுங்கி வேண்டாம், தொங்கும் துண்டு வேண்டாம். ஜீன்ஸ் போட்டால் போதும் என்பார்கள், ஓடும் செயினுக்கு ஜீன்ஸ் ஒரு பொருட்டே இல்லை. காலில் சாக்கு சுற்றிக்கொள்வதும் அப்படித்தான். செயின் சா வேலைக்கென்றே காலை மூடும் காப்புக் கால்சட்டை விற்கிறார்கள். உள்ளே நீள இழைகள் அடுக்கியிருக்கும். செயின் பட்டதும் அந்த இழைகள் இழுபட்டு மெஷினுக்குள் சுற்றிக்கொண்டு செயினை நிறுத்திவிடும். சில ஆயிரம் ரூபாய் ஆகும். வலைக் கண்ணாடியும் காது மூடியும் சேர்ந்த ஹெல்மெட்டும் வாங்கிவிடுங்கள். காது மூடியிருக்கும்போது கூப்பிட்டால் கேட்காது. பின்னால் வந்து தோளைத் தொட்டால் நீங்கள் மெஷினோடு திரும்புவீர்கள். அதனால் உங்கள் ஆட்கள் எப்போதும் உங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து கை காட்ட வேண்டும். அதுவரை கிட்டே வரக் கூடாது.

சில்வர் ஓக்கில் நம் பக்கத்துக்கென்றே ஒரு ஆபத்து மிளகுக் கொடி. கொடி மூடியிருப்பதால் செத்த கிளை எது என்று கீழிருந்து தெரியாது. சில்வர் ஓக் கிளை எச்சரிக்காமல் ஒடியும். கொடி பக்கத்து மரத்துக்கும் படர்ந்திருந்தால், ஒரு மரம் சாயும்போது இன்னொரு மரத்தின் கிளையை இழுத்து உங்கள் தலையில் போடும். மரத்தைத் தொடும் முன் கொடியை அறுத்து இறக்குங்கள், இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு நூல் கூட மிச்சம் இல்லாமல். வேலி ஓரத்து மரத்தில் பழைய ஆணியும் முள்கம்பியும் புதைந்திருக்கும், தட்டிப் பாருங்கள். கதண்டுக் கூடு, மலைத்தேன் கூடு இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் கைவைக்காதீர்கள்.

சாயும் பக்கத்தில் போடும் முன்வெட்டு மரத்தின் விட்டத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். எதிர்ப்பக்கத்தில் பின்வெட்டு அறுக்கும்போது இரண்டு வெட்டுக்கும் நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு விட்டுவையுங்கள். அறுக்காமல் விட்ட அந்தப் பகுதிதான் கதவுக்கீல் மாதிரி மரத்தை வழிநடத்தும். அதையும் அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்கு விழும். பின்னால் குறுக்கே ஒதுங்கும் வழியை முதலிலேயே வெட்டித் துப்புரவு செய்துகொள்ளுங்கள். மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. சாய்ந்து இன்னொரு மரத்தில் மாட்டிக்கொண்டால் அதன் அடியில் போய் நிற்காதீர்கள், கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுங்கள். சரிவில் துண்டு போடும்போது எப்போதும் மேல்பக்கம் நில்லுங்கள், கட்டை உருளும்.

நிழல் மரத்தில் ஏறிக் கிளை கழிக்க மெஷினைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். மேலே கத்தியும் கைரம்பமும் போதும். மெஷின் தரையில் இருக்கட்டும்.

தனியாக ஒருநாளும் மரம் அறுக்காதீர்கள். சாயங்காலம் மூடுபனி இறங்கும்போது 'இன்னும் ஒரே ஒரு மரம்' என்பதும் வேண்டாம். டூர்னிகெட்டும் இரண்டு ரோல் கட்டுத்துணியும் உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும், ஜீப்பில் வேண்டாம். எங்கே இருக்கிறது என்று இரண்டு ஆளுக்கும் காட்டி வையுங்கள். ஜீப் சாவி வண்டியிலேயே இருக்கட்டும், மூக்கு ரோட்டைப் பார்த்து நிற்கட்டும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டோம் என்று மூன்று பேரும் யோசித்துப் பாருங்கள். ஞாபகம் இல்லையென்றால் ஏற்காடு போகும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

நாளைக்கே ஒரு ஒத்திகை செய்யுங்கள். நீங்கள் தரையில் படுத்துக்கொள்ளுங்கள், வாய் திறக்காதீர்கள். கூட வருபவர் துண்டையும் ஸ்பேனரையும் எடுத்து உங்கள் தொடையில் கட்டட்டும். இன்னொருவர் போனில் நேரம் பார்க்கட்டும். ஒத்திகையில் முழுக்கத் திருக வேண்டாம், கட்டை நிற்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு நிமிடத்துக்குள் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு ஆள் மாறி, அவர் படுத்து நீங்கள் கட்டுங்கள்.